கை தூக்கும்போது மூச்சு உள்ளே

மார்ச் 3

அன்புள்ள மருமகளுக்கு,

விவாகரத்துக்குப் பிறகும் உன்னை இப்படி அழைக்கலாமா, தெரியவில்லை. வேறு எப்படி அழைப்பதென்றும் தெரியவில்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

மகன் வேலை மாற்றிக்கொண்டு தொலைவாகப் போய்விட்டான். வீட்டில் நானும் தையல் மெஷினும்தான். சும்மா உட்கார்ந்தால் நெஞ்சு படபடக்கிறது. டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, "இதயத்துல ஒண்ணும் இல்லம்மா, மனசுதான்" என்கிறார். இங்கே இருந்தபோது காலையில் ஜன்னலோரம் யோகா செய்வாயே, எனக்கும் சொல்லித் தருவாயா? முட்டி மடங்காது, சொல்லிவிட்டேன்.

அத்தை

மார்ச் 11

அன்புள்ள அத்தைக்கு,

அப்படியே அழையுங்கள். கையெழுத்துப் போட்டது நானும் உங்கள் மகனும், நீங்கள் போடவில்லையே.

நாற்காலியே போதும். பாதம் இரண்டும் தரையில் படட்டும். கை தூக்கும்போது மூச்சு உள்ளே, இறக்கும்போது வெளியே. தோள் வலித்தால் அந்த வலியையும் கவனியுங்கள். மனம் எங்காவது ஓடினால் திட்டாமல் திரும்பக் கூப்பிடுங்கள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்றே வேலை. மற்றபடி நலம்.

மருமகள்

ஏப்ரல் 20

அன்பு மருமகளுக்கு,

முதலில் மூச்சைத் தவிர எல்லாம் ஞாபகம் வந்தது. பட்டன் வைக்காத சீருடை, பால் பாக்கெட், உன் பழைய வீட்டுக்காரன். மனதைக் கூப்பிட்டால் வருகிறதா? பெற்ற பிள்ளை மாதிரியேதான்.

ஆனால் நேற்றுக் கடைத்தெருவில் படபடப்பு வந்தபோது வீட்டுக்கு ஓடவில்லை. நின்று பாதத்தைக் கவனித்தேன். செருப்புக்குள் சூடு தெரிந்தது. மூச்சு வந்தது, போனது. படபடப்பும் போயேவிட்டது. பக்கத்தில் வந்து நின்ற பஸ்ஸிலிருந்து கண்டக்டர், "ஏறுறீங்களாம்மா?" என்றார். பல மாதம் கழித்துத் தனியாக பஸ் ஏறினேன். நீ நன்றாக இருக்க வேண்டும்.

அத்தை

ஜூன் 2

அன்புள்ள அத்தைக்கு,

இதை உங்களிடம் எப்படிச் சொல்வதென்று தயங்கிக்கொண்டே இருந்தேன். அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். கடைக்கு லென்ஸ் கொண்டுவருபவர். நிதானமான மனிதர்.

அந்த வீட்டைவிட்டுக் கிளம்பிய அன்று என் பெட்டியை பஸ் நிலையம்வரை தூக்கி வந்தது நீங்கள்தான். யார்மீது தப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அம்மா இல்லாத குறை அன்று தெரியவில்லை. வருவீர்களா? கேட்பது முறையா என்றும் தெரியவில்லை.

மருமகள்

ஜூன் 9

என் கண்ணே,

படித்ததும் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அழுகை வந்தது. வரட்டும் என்று விட்டேன். அடங்கிய பிறகு பார்த்தால், அடியில் சந்தோஷம்தான் இருந்தது.

வருகிறேன். கல்யாணத் துணியை வேறு எவரிடமும் தைக்கக் கொடுக்காதே, அளவு அனுப்பு. நான் என்ன உறவு என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்களே என்று யோசித்தேன். பெண்ணின் அம்மா என்று சொல்லிவிடுகிறேன்.

அம்மா