சம்பந்தியோடு ஒரு சலுகைப் பயணம்

மார்ச் 4, செவ்வாய்

தொலைக்காட்சியில் இன்று மறுபடி அந்த நகரத்தைக் காட்டினார்கள். ஓட்டுநர் இல்லாத ரயில் வீடுகளுக்கு மேலே ஓடுகிறது. எங்கே பார்த்தாலும் கண்ணாடிக் கட்டடம். நடுவில் அந்தக் கோபுரம். அதன் லிஃப்ட் தொண்ணூறு மாடியை ஒரு நிமிஷத்துக்குள் ஏறிவிடுகிறதாம். நான் ஓட்டிய லிஃப்ட் பத்து மாடி ஏறுவதற்குள் உள்ளே இருப்பவர்கள் மேனேஜர் கதை முதல் மாமியார் சண்டை வரை பேசி முடித்துவிடுவார்கள்.

வேலை பார்த்த காலமெல்லாம் ஒரே ஆபீஸ் கட்டடத்தில் மேலும் கீழும் போய்வந்தேன். பக்கவாட்டில் எங்கும் போனதில்லை. பாஸ்போர்ட் இருக்கிறது. அது இதுவரை பீரோவின் மேல்தட்டிலிருந்து கீழ்தட்டு வரை பயணம் செய்திருக்கிறது.

சாப்பிடும்போது மகளிடம் சொன்னேன். "அந்த ஊருக்குப் போகணும்மா. அந்த லிஃப்ட்ல ஒரு தடவை ஏறிப் பார்க்கணும்."

அவள் சிரிக்கவில்லை. அதுவே பாதி அனுமதி.

மார்ச் 5, புதன்

பாதிதான். மீதிப் பாதிக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது.

"தனியா விடமாட்டேன்ப்பா. எழுத்துப் படிக்கத் தெரியாம அங்க என்ன பண்ணுவீங்க?"

நம்பர் தெரியுமே என்றேன். லிஃப்டுக்கு நம்பர் போதும், ஊருக்குப் போதாதாம். படித்த ஆள் ஒருவர் கூட வர வேண்டும். அவளுக்கு லீவு இல்லை. மாப்பிள்ளைக்கும் இல்லை. அப்புறம் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"எங்கப்பா சும்மாத்தானே இருக்காரு மாமா," என்றார் மாப்பிள்ளை.

அவருடைய அப்பா. என் சம்பந்தி. பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். உலகத்தில் உள்ள நதிகளையெல்லாம் வரிசையாகச் சொல்வார். ஒன்றிலும் கால் நனைத்ததில்லை.

போனே, உன்னிடம் சொல்வதற்கு என்ன? நான் பேசப் பேச நீ எழுதிக்கொள்கிறாய், அதுவும் என்னைவிட மரியாதையான தமிழில். ஆகவே இதையும் மரியாதையாகவே எழுதிக்கொள்: அந்த மனிதரோடு நான் தெருமுனை வரைக்கும்கூடப் போகமாட்டேன்.

மார்ச் 6, வியாழன்

ஏன் என்று மகள் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்ல முடியாது. உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

அவளுடைய நிச்சயதார்த்தம் எங்கள் ஆபீஸ் கட்டடத்தின் ஏழாவது மாடி ஹாலில் நடந்தது. ஊழியன் என்பதால் வாடகை வாங்காமல் கொடுத்தார்கள். நான் காலையிலேயே போய் லிஃப்டின் பித்தளைக் கம்பியை என் முகம் தெரியும்வரை தேய்த்தேன். இஸ்திரி போட்ட சட்டை. மாப்பிள்ளை வீட்டுக்காரர்களை நானே ஏற்றிக்கொண்டு போக வேண்டும், இதுதான் என் ஆசை. வேறு என்ன பெருமை இருந்தது என்னிடம்?

வந்தார்கள். எல்லோரும் ஏறினார்கள். சம்பந்தி மட்டும் வாசலில் நின்று உள்ளே ஒரு பார்வை பார்த்தார். கும்பிட்டார். "நீங்க போங்க," என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் நடந்தார். ஏழு மாடி! வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தபோது எல்லோரும் உட்கார்ந்து குளிர்பானமே குடித்து முடித்திருந்தார்கள்.

லிஃப்ட்காரன் ஓட்டுகிற லிஃப்டில் ஏறினால் கௌரவம் குறைந்துவிடுமா? அவர் கட்டியிருந்த கரை வேட்டியின் கரை என்ன நிறம் என்றுகூட இப்போதும் சொல்வேன். பச்சை.

"விடுங்க, மனசுல வச்சுக்காதீங்க," என்றாள் என் மனைவி. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் இன்னும் விடவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

கோபுரமா, வீம்பா? இரண்டு நாள் யோசித்தேன். கோபுரம்தான்.

சம்பந்தி வந்தார். எங்கள் வீடு ஐந்தாவது மாடி. வழக்கம்போலப் படியேறி வந்தார். "நடைப்பயிற்சி," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே. எப்போதும் அதேதான் சொல்வார். கையில் உலகப்படம்.

பிறகு நடந்ததை என்னவென்று சொல்வது?

"எத்தனை நாள் போகலாம் சம்பந்தி?" என்று கேட்டேன்.

"உங்க இஷ்டம்."

"சேச்சே, நீங்க சொல்லுங்க."

"நீங்க பெரியவங்க, நீங்க சொன்னா சரி."

"வயசுல நீங்கதான் பெரியவங்க."

"மூணு மாசந்தானே!"

மகள் சமையலறையிலிருந்து வந்து, "நாலு நாள்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மார்ச் 13, வியாழன்

டிக்கெட் எடுத்தாயிற்று. சலுகை டிக்கெட். சாப்பாடு கிடையாது, தண்ணீர் கிடையாது, கைப்பை ஏழு கிலோவுக்கு மேல் கிடையாது, தேதி மாற்ற முடியாது, போகாவிட்டால் பணமும் திரும்பாது. "நிக்கவிட்டுக் கூட்டிட்டுப் போவானா?" என்று கேட்டேன். உட்கார இடம் உண்டாம். அந்தமட்டுக்கு நல்லவர்கள்.

மார்ச் 16, ஞாயிறு

சம்பந்தி திட்டம் போட்டுக்கொண்டு வந்தார். வாசித்தார். முதல் நாள் ஒரு அருங்காட்சியகம். இரண்டாம் நாள் ஒன்று. மூன்றாம் நாள் காலையில் ஒன்று, மாலையில் தபால்தலை அருங்காட்சியகம். நான்காம் நாள் விமானம்.

அருங்காட்சியகத்துப் பழைய பானையோடு எனக்கு என்ன உறவு? ஆனாலும் "அருமை, அருமை," என்று தலையாட்டினேன். சம்பந்தி மரியாதை கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறதே.

கடைசியில் கேட்டுவிட்டேன். "அந்தக் கோபுரம்?"

அவர் உலகப்படத்தை மடித்தார். "அது எதுக்குங்க? மேகமா இருக்கும்."

"இல்லாத அன்னிக்குப் போலாம்."

"கூட்டமா இருக்கும். எவ்வளவு உயரம் போனாலும் தெரியறது அதே ஊர்தானே."

"எனக்கு ஊர் தெரிய வேணாம். லிஃப்ட்ல ஏறணும்."

"லிஃப்ட்ல என்னங்க இருக்கு பார்க்க?" என்றார்.

கேட்டாயா? லிஃப்டில் என்ன இருக்கிறதாம்! என் ஆயுசு இருக்கிறது ஐயா அதற்குள்ளே! வாய்வரை வந்தது. மென்று முழுங்கிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். ஏழாவது மாடிப் புத்தி மாறவே இல்லை.

மார்ச் 17, திங்கள்

நான் போகவில்லை. சொல்லிவிட்டேன்.

மார்ச் 19, புதன்

மகள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தட்டை வைக்கும்போது சத்தம் அதிகமாகக் கேட்கிறது. "சின்னப் புள்ளையா நீங்க? அவருகிட்ட நான் என்னன்னு சொல்றது?" என்றாள் ஒரு தடவை. மாப்பிள்ளை என்னைப் பார்த்தால் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிறார்.

தொலைக்காட்சியில் அந்த நகரம் வந்தது. நானே எழுந்து போய் அணைத்தேன். எழுபத்து நாலு வயசு. இந்த முழங்கால் அடுத்த வருஷமும் என் பேச்சைக் கேட்கும் என்று என்ன நிச்சயம்?

ஆனாலும் நான் இறங்கிப் போவதா? முடியாது.

மார்ச் 22, சனி

இன்று நடந்ததை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். படிக்கட்டில் கயிறு கட்டி வழியை அடைத்துவிட்டார்கள். எல்லோருக்கும் லிஃப்ட்தான். பதினோரு மணிக்கு வாட்ச்மேன் கீழேயிருந்து கூப்பிட்டார். "உங்க சம்பந்தி வந்து ரொம்ப நேரமா நிக்கறாரு. மேல போங்கன்னா, போறேன் போறேன்னு சொல்றாரு. போகல."

என்னைச் சமாதானம் செய்ய வந்திருக்கிறார், கௌரவம் தடுக்கிறது என்று நினைத்தேன். நல்லா வேணும் என்றும் கொஞ்சம் நினைத்தேன். இறங்கிப் போனேன்.

லிஃப்ட் கதவு திறந்தது. எதிரே சம்பந்தி. பையை மார்போடு அணைத்துப் பிடித்திருக்கிறார். "வாங்க," என்று கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். பழக்கம். அவர் உள்ளே பார்த்தார். அதே பார்வை. முதலில் கூரையைப் பார்த்தார், அப்புறம் மூலையை, அப்புறம் கதவின் விளிம்பை. மேலுதட்டில் வியர்வை. பெருவிரலை மற்ற விரல்களுக்குள் இறுக்கிக்கொண்டார்.

இந்த முகம் எனக்குத் தெரியாத முகமா? எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறேன்! பெரிய அதிகாரி ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு என் தோளைப் பிடித்தபடியே தினமும் வருவார். ஒரு பெண் மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணுவாள். பச்சைக் கரை வரைக்கும் ஞாபகம் வைத்திருந்தேனே, அந்த வேட்டிக்கு மேலே இருந்த முகத்தை ஏன் சரியாகப் பார்க்கவில்லை?

அவர் ஒரு காலைத் தூக்கினார். பாவம், ஏறியே விடுவதென்று முடிவு செய்துவிட்டார்.

நான் வெளியே வந்துவிட்டேன். "மேல ஒரே பெயின்ட் நாத்தம் சம்பந்தி, தலைவலி தாங்கல. வாங்க, டீ குடிக்கலாம்."

டீக்கடை பெஞ்சில் பாதி கிளாஸ் காலியானது. பிறகு அவரே சொன்னார். "சின்ன வயசுல ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். கரண்ட் போயிருச்சு. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு. சாயங்காலந்தான் திறந்தாங்க. என் பையனுக்குக்கூடத் தெரியாது. நடைப்பயிற்சின்னு சொல்லியே காலத்தை ஓட்டிட்டேன்."

நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"நிச்சயதார்த்தத்தன்னிக்கு நீங்க அவ்வளவு ஆசையா வாசல்ல நின்னீங்க. எனக்கு உசுரே போயிருச்சு. தப்பா எடுத்துக்கிட்டீங்களோன்னு இன்னிக்கு வரைக்கும் உறுத்துது."

"எப்போ? எந்த மாடி?" என்றேன். "எனக்கு அதெல்லாம் ஞாபகமே இல்லீங்க."

அவர் நம்பவில்லை. என் ஞாபகசக்தி ஊரறிந்தது. ஆனாலும் இன்னொரு டீ சொன்னார்.

இன்னொன்றும் தெரிந்தது. அருங்காட்சியகம் அவருக்கும் ஆகாது! "முப்பது வருஷமா பசங்களை வரிசையா நிக்கவச்சுக் கூட்டிட்டுப் போயே வெறுத்துப்போச்சு. அருமை அருமைன்னு தலையாட்டினீங்களே, உங்களுக்கு அதுன்னா உசுரு போலன்னு நினைச்சேன்." நான் ஆகா என்றதால் அவர் போட, அவர் போட்டதால் நான் ஆகா என்க, நாலு அருங்காட்சியகம் சேர்ந்துவிட்டது. மகள் மட்டும் இதைக் கேட்டிருந்தால் இரண்டு பேரையும் அங்கேயே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பாள்.

மார்ச் 23, ஞாயிறு

போகிறேன் என்று மகளிடம் சொன்னேன். தட்டு சத்தம் இல்லாமல் வந்தது.

மார்ச் 27, வியாழன்

தங்கும் இடம் பார்த்தோம். முதல் மாடியில் வேண்டும் என்றேன். "கீழ இருந்தா ஜன்னல்ல சுவருதான் தெரியும்ப்பா," என்றாள் மகள். சுவர்தான் வேண்டும் என்றார் சம்பந்தி. அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நாங்கள் இருவரும் சுவரைப் பார்த்தோம்.

எங்கள் கையிருப்புக்கு ஒத்துவந்த ஒரே அறை நாலாவது மாடியில். படிக்கட்டு உண்டா என்று சம்பந்தி கேட்டு எழுதினார். உண்டு என்று பதில் வந்தது. எதற்குக் கேட்கிறீர்கள் என்றும் கேட்டிருந்தார்கள்.

ஏப்ரல் 2, புதன்

ஏழு கிலோ. சம்பந்தியின் பை ஒன்பது நின்றது. உலகப்படத்தை எடுக்கச் சொன்னேன். மாட்டேன் என்றார். சட்டைகளை எடுத்தார். மூன்று சட்டையை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு விமானம் ஏறுவாராம். போட்டுக் காட்டினார். கை மடங்கவில்லை. மாப்பிள்ளை செய்தித்தாளுக்குப் பின்னால் குலுங்கிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 9, புதன்

வந்து சேர்ந்தோம். மூன்று சட்டையோடுதான்.

ரயிலுக்கு உண்மையிலேயே ஓட்டுநர் இல்லை. முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் இடம் பிடித்து இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். சம்பந்தி பலகைகளை வாசிக்கிறார். நான் போன வழியை மறப்பதில்லை. இறங்க வேண்டிய நிலையத்தை அவர் பேச்சு சுவாரசியத்தில் கோட்டைவிட்டார். திரும்பி வந்தோம். இன்னொரு தடவை ஓட்டுநர் இல்லாத ரயில், சும்மாவா?

ஏப்ரல் 10, வியாழன்

கோபுரம்.

அடிவாசலில் நீரூற்று ஓரமாகச் சம்பந்தி உட்கார்ந்துகொண்டார். என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "எவ்வளவு நேரம் ஆனாலும் இங்கதான் இருப்பேன். அவசரப்படாம பார்த்துட்டு வாங்க."

லிஃப்டில் ஒரு பெண், வெள்ளைக் கையுறை. என்னைப் பின்னால் போய் நிற்கச் சொன்னாள். வாழ்க்கையில் முதல் தடவை லிஃப்டின் பின்வரிசை! கதவு சத்தமே இல்லாமல் மூடியது. எண்கள் ஓடின. காது அடைத்தது, திறந்தது. நின்றதே தெரியவில்லை. என்ன ஒரு நிறுத்தம்! கடைசி ஆளாக இறங்கி, அந்தப் பெண்ணைப் பார்த்துக் கும்பிட்டேன். அவளும் குனிந்தாள்.

மேலே சுற்றிலும் கண்ணாடி. எல்லோரும் ஊரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், அழகுதான். நீரூற்றைத் தேடினேன். ஒரு புள்ளி. பக்கத்தில் ஆள் தெரியவில்லை. கீழே ஒருவர் மடியில் இரண்டு பையோடு நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது மேலே எவ்வளவு நேரம் நிற்பது? அடுத்த லிஃப்டிலேயே இறங்கிவிட்டேன்.

"அதுக்குள்ளயா? என்னங்க, எப்படி இருந்துச்சு?"

ஒவ்வொன்றாகச் சொன்னேன். கதவு, காது, கையுறை, நிறுத்தம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். எண்கள் ஓடும் இடம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார்.

சாயங்காலம் விடுதிக்குத் திரும்பினோம். லிஃப்ட் கதவைத் திறந்துகொண்டு காலியாக நின்றது. சம்பந்தி படிக்கட்டுப் பக்கம் திரும்பினார், நானும் திரும்பினேன். இரண்டாவது மாடி திருப்பத்தில் என் முழங்கால் பிடித்துக்கொண்டது. உட்கார்ந்துவிட்டேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க எதுக்குங்க சிரமப்படறீங்க? லிஃப்ட்ல போங்களேன்."

"டியூட்டி முடிஞ்சுது சம்பந்தி," என்றேன்.