மஞ்சள் ஹெல்மெட்

19.1.2025, ஞாயிறு
மகள் தென்றல் போன் அடித்தாள். எடுக்கவில்லை. பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கேசரி கிளறி வைத்த அன்று, பாம்பனில் ரயில் பாலம் கட்டப் போகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு போனவள். ஒன்றரை வருஷமாக வாரம் ஒரு தடவை அடிக்கிறாள். இன்ஜினியராம். இருக்கட்டும், எனக்கென்ன?

2.2.2025
இன்றைக்கு ஐந்து தடவை அடித்தாள். அப்படி என்ன தலை போகிற அவசரம்? மல்லாட்டை உரித்துக் கடலை எடுத்துக்கொண்டிருந்தேன். எடுக்கவில்லை.

23.2.2025
மூன்று வாரமாகப் போனே இல்லை. அலுத்துவிட்டது போல. நல்லது, நிம்மதி.
நிம்மதியா? சோறு இறங்கவில்லை. அவள் அம்மா இருந்திருந்தால் எங்கள் இரண்டு பேரையும் திட்டித் தீர்த்திருப்பாள். திட்டக்கூட வீட்டில் ஆளில்லை.

16.3.2025
பக்கத்து வீட்டு ஆர்த்தி செல்லில் ஒரு வீடியோ காட்டினாள். கப்பல் போவதற்காகப் பாலத்தின் நடுத்துண்டு லிஃப்ட் மாதிரி மேலே ஏறுகிறது. ஓரத்தில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒரு பெண், முதுகு மட்டும் தெரிகிறது.
"இன்னா மாமா, நம்ம தென்றல்தானே?"
"அவளேதான்" என்றேன். அவள் நிற்கிற நிற்பு எனக்குத் தெரியாதா? என் செல்லுக்கு அனுப்பச் சொன்னேன். எத்தனை தடவை பார்த்தேனோ.

6.4.2025
பாலம் திறந்தாச்சு. டீக்கடை டிவியில் நடுத்துண்டு ஏறியபோது, "எம் பொண்ணு கட்டுனது" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். அவளிடம் ஒரு வார்த்தை பேசத் துப்பில்லை, டீக்கடையில் பெருமை.

11.5.2025
நாளைக்குச் சித்ரா பௌர்ணமி. அடி அண்ணாமலை ரோடு முழுக்கக் கிரிவலம் வந்த ஜனம். எனக்குப் பேச ஓர் ஆள் இல்லை. ராமேஸ்வரத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். சொல்லிவிட்டுப் போவதா? போன் செய்து, அவள் எடுக்காவிட்டால்? நேரில் போய் நிற்கிறேன்.

15.5.2025, பாம்பன்
பாலத்து ஓரம், கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் அதே மஞ்சள் ஹெல்மெட். "தென்றலு" என்று கூப்பிட்டேன். திரும்பியது வேறு பெண்.
வீடியோவைக் காட்டினேன். "அதுல நிக்கிறது நான்தான் சார். தென்றல் அக்கா பிப்ரவரியிலயே குஜராத் சைட்டுக்குப் போயிட்டாங்களே. உங்ககிட்ட சொல்லலையா?"
"சொன்னாம்மா. நாந்தான் மறந்துட்டேன்."
அந்த ஐந்து தடவையும் இதைச் சொல்லத்தான் அடித்திருக்கிறாள். பாவி நான்.
ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து நானே போன் போட்டேன். உடனே எடுத்தாள். செல்லைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.
"அப்பா, தெரியாம கை பட்டுடுச்சா? வெச்சுடட்டுமா?" என்றாள்.
"இல்லம்மா, நாந்தான் போட்டேன்" என்றேன்.