தீ கேட்டு வந்தவர்கள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன், என் கையாலேயே எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். எழுதிக் கொடுங்கள் என்று யாரிடமும் கெஞ்சாமல் நானே உனக்கு எழுதுகிற சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பாதி நேற்று எழுதியது, விரல் வலித்ததால் மீதி இன்று.

குடியை விட வருகிறவர்கள் தங்கும் எங்கள் இல்லத்தில் வாசல் காவலோடு தீப்பெட்டியும் என் பொறுப்பு என்பது உனக்குத் தெரியும். உள்ளே யாரும் நெருப்பு வைத்துக்கொள்ளக் கூடாது, சிகரெட் பிடிக்க வேண்டுமானால் என்னிடம்தான் வர வேண்டும். பற்றவைத்துக் கொடுத்தால் அது தீரும்வரை என் பெஞ்சில் உட்கார்ந்து பேசுவார்கள். உன் அம்மா போன பிறகு எனக்கு அதுதான் பேச்சுத்துணை. குடிக்காமல் ஒரு வாரம் தாக்குப்பிடித்தவனுக்கு, பாவம் இதையாவது விட்டுவைப்போம் என்று நாங்களே ஒரு சிகரெட் கொடுத்துத் தட்டிக்கொடுப்போம், அதுதான் இங்கே வழக்கம். இப்போது வந்திருக்கும் ஆலோசகர் மேடம் அதை நிறுத்திவிட்டார். குடியோடு புகையையும் விட உதவுவோம் என்று தோளில் ஒட்டும் பட்டை, மெல்லுகிற மருந்து எல்லாம் வரவழைத்தார். சமையல்காரர் சண்டைக்கே போய்விட்டார். ரெண்டையும் ஒண்ணா புடுங்கினா மனுஷன் பாட்டிலுக்கே ஓடிடுவான் மேடம் என்றார். சிகரெட்டைப் பத்தவச்சதும் பக்கத்துல கிளாஸ் ஞாபகம் வருதா இல்லையான்னு அவங்களையே கேளுங்கண்ணே என்றார் மேடம். சுற்றி நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள், சமையல்காரர் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். புகை பிடித்த நேரத்தில் கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்று மேடம் பென்சில் கொடுத்து எழுத்து வகுப்பு ஆரம்பித்தார், அதில்தான் நானும் போய் உட்கார்ந்தேன். நானும் புகையை விட்டுவிட்டேன், நம்பு.

ஆனால் ஒவ்வொருவராக விட விட வாசலுக்கு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். அவர்கள் தேறுவது எனக்குச் சந்தோஷம்தான், இங்கிருந்து போனவன் திரும்பி வராமல் இருப்பதே நல்ல சேதி, அதுவும் தெரியும். இருந்தாலும் வகுப்பு முடிந்து அவர்கள் உள்ளே போனதும் அந்தப் பெஞ்சைப் பார்க்கவே பிடிக்காது.

போன வாரம் லாரி ஓட்டுகிற ஒருவர் வந்து நின்றார். பட்டை ஒட்டியிருந்தும் அன்றைக்கு அவருக்குப் புகை ஆசை அடங்கவில்லை. பெரியவரே, ஒரே ஒரு தீக்குச்சி, இல்லேன்னா கேட்டைத் திறங்க நான் கடைக்குப் போறேன் என்றார். சிகரெட் கடைக்கு அடுத்ததே மதுக்கடை. என் கை சட்டைப் பைக்குப் போய்விட்டது மகளே. கொடுத்தால் கொஞ்ச நேரம் உட்காருவாரே என்ற ஆசை. அந்த வேகம் கொஞ்ச நேரந்தான், பேச்சுக் கொடுத்துத் தாண்ட வச்சிடுங்க என்று மேடம் சொன்னது நல்லவேளையாக நினைவு வந்தது. உக்காருங்க, தண்ணி குடிங்க, எம் பொண்ணைப் பத்தி சொல்றேன் என்றேன். விழுந்த பல்லைக் கையில் வைத்துக்கொண்டு இதுக்குப் பசிக்குமா என்று நீ கேட்டதைச் சொன்னேன், சைக்கிளிலிருந்து விழுந்து சைக்கிளையே அடித்ததைச் சொன்னேன், வாத்தியாரையே வெளியே போகச் சொன்னதைச் சொன்னேன். அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகு, என்ன பெரியவரே, உங்க பொண்ணு மூணாங்கிளாஸைத் தாண்டவே மாட்டேங்குது, இப்ப என்னதான் பண்ணுது என்று கேட்டார். இரண்டு பேரும் சிரித்தோம். ஆபீஸ்ல வேலை, நல்லா இருக்கா என்றேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. போனில் நீ சாப்டீங்களாப்பா என்கிறாய், நான் சாப்பிட்டேன் என்கிறேன், முடிந்துவிடுகிறது. அவர் கேட்டைத் தாண்டாமல் உள்ளே போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் தீப்பெட்டியைச் சமையலறையில் கொடுத்துவிட்டேன்.

வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. மாப்பிள்ளையோடு சண்டை போடுவதானால் சாப்பிட்டுவிட்டுப் போடு. இருவரும் குறையில்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும், என் ஆசி எப்போதும் உண்டு. பதில் மட்டும் மறக்காதே. நல்லா இருக்கேன் என்று எழுதி முடித்துவிடாதே. ஜன்னலைத் திறந்தால் உனக்கு என்ன தெரிகிறது, ஆபீஸில் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், எதற்குச் சிரிக்கிறாய், எதற்கு எரிச்சல் வருகிறது, எல்லாம் எழுது. பெரிய எழுத்தாக எழுது, நானே படிக்க வேண்டும். லாரிக்காரர் மறுபடி வந்து நிற்பார், அவரிடம் சொல்ல என்னிடம் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது.

இப்படிக்கு,
உன் பதிலுக்கு வாசலிலேயே இருக்கும்
அப்பா