ஒரே பூச்சு

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

ஏன் எழுதுகிறான் என்று பதறாதே. போனை நீ ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாய். இது அப்பா காதில் விழக்கூடாது.

நேற்று வேலையில் ஒரு சின்னக் கூத்து. பிள்ளைகள் மார்க்கரால் கிறுக்கிய சுவருக்கு பிரைமர் அடிக்காமல் பெயிண்ட் அடித்துவிட்டேன். காய்ந்ததும் கோடெல்லாம் மேலே வந்துவிட்டது. "பத்து வருஷமா பிரஷ் புடிக்கிறே, மார்க்கர் கசியும்னு தெரியாதா?" என்று மேஸ்திரி எகிறினார்.

தெரியும் அம்மா. தம்பி இறந்த மாதம், அவன் நோயில் கட்டிலில் படுத்தபடியே மார்க்கரால் உன்னை வரைந்திருந்த சுவரைக் காட்டி, "என்னால பாக்க முடியல, பெயிண்ட் அடிச்சிடுடா" என்றார் அப்பா. அவர் பேச்சைத் தட்ட முடியவில்லை. அழிக்கவும் மனம் வரவில்லை. பிரைமர் இல்லாமல் ஒரே பூச்சு பூசிவிட்டு இங்கே வந்துவிட்டேன்.

"அந்தச் சுவர்ல கறை ஏறுது, அடுத்த மாசம் பெயிண்டர் வர்றார்" என்று நீ சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தொழில் தெரிந்தவர் முதலில் பிரைமர்தான் அடிப்பார். அதோடு தம்பி கைவேலை போய்விடும். மகன் வந்து அடிப்பான் என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பிவிடு. என் பழைய போர்வையையும் அனுப்பு, இங்கே குளிர்.

வேலைக்கு ஏற்றிப்போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. அது கறை இல்லை அம்மா. ஜன்னலைத் திறந்துவிட்டுப் பார், உன் மூக்குத்தி தெரியும்.

உன் மூத்தவன்