பின்கதவு விளக்கு

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாம் நலம் என்று தொடங்குவதுதான் வழக்கம், இந்தத் தடவை கண்ணை மட்டும் தள்ளி வைத்துவிட்டு மற்றதெல்லாம் நலம் என்று எழுதுகிறேன். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். வரிகள் சரிந்து போவதைப் பார்த்துப் பயந்துவிடாதே. கோடு போட்ட தாள்தான், கோடுதான் தெரியவில்லை. கான்வென்ட்டில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் என்று உன்னிடம் எத்தனை தடவை பெருமையடித்திருப்பேன், அந்த சிஸ்டர் இதைப் பார்த்தால் என்னை பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார்.

நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். போகவில்லை. நீ சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. உங்கள் விமானம் ஒன்றில் சாமான் ஏற்றும் பின்கதவுக்கான எச்சரிக்கை விளக்கு வானத்தில் எரிகிறது, தரையிறங்கினால் அணைந்துவிடுகிறது. எந்த ஊரில் இறங்குகிறதோ அந்த ஊர் மெக்கானிக் கதவோரம் துடைத்துப் பார்க்கிறார், விளக்கு எரியவில்லை, சரி போ என்று அனுப்பிவிடுகிறார். அவரவர் அளவில் யாரும் தப்புச் செய்யவில்லை. ஆனால் இது மறுபடி மறுபடி வருகிறது என்பது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிற உன் மேஜைக்கு மட்டும்தான் தெரிகிறது. கதவிலிருந்து விமானி அறை வரைக்கும் வயரை முழுக்கத் திறந்து பார்க்காமல் பறக்கக் கூடாது என்று நிறுத்தி வைத்திருக்கிறாய். உன் மேலாளரோ, இன்னிக்குத்தான் எரியலையே, அப்புறம் என்ன பிடிவாதம் என்கிறாராம். அந்த வேலை முடிந்து நீ பார்த்துச் சரி சொல்லும் வரை உன்னால் அங்கிருந்து நகர முடியாது. துடைத்ததே போதும் என்று விட்டுவிட்டால் வியாழக்கிழமை என் கண் ஆபரேஷனுக்கு நீ பக்கத்தில் இருக்கலாம். விட்டுட்டு வந்துடட்டுமாம்மா என்று கேட்டாய். வா என்ற சொல் வாய் வரைக்கும் வந்துவிட்டது, அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன். நான் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நீ எதையாவது செய்துவிடக் கூடாதே என்றுதான் விடிந்ததும் விடியாததுமாக இதை எழுத உட்கார்ந்தேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். டீயை நான் கோப்பைக்கு வெளியே ஊற்றத் தொடங்கிப் பல மாதம் ஆகிறது. முதல் தடவை பல்பு மங்கல் என்று மாற்றினேன். அப்புறம் கண்ணாடியில் அழுக்கு, அப்புறம் சரியாகத் தூங்கவில்லை. ஒவ்வொரு காரணமும் நியாயமாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிடுவேன். பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் இது திரும்பத் திரும்ப நடக்கிறதே என்று கேட்டிருப்பார்கள். நீ இருந்திருந்தால் என்னை என்றைக்கோ தரையில் நிறுத்தி வைத்திருப்பாய். அப்பா போன பிறகு இந்த வீட்டில் நான் செய்வதைப் பார்க்க ஆள் இல்லை. கட்டிலில் அவருடைய பாதியில் இஸ்திரி போட்ட துணியை அடுக்கி வைத்திருக்கிறேன், வெறுமையாகக் கிடப்பதற்கு அது பரவாயில்லை. ரேடியோவைப் பக்கத்து அறையில் பாட விட்டுவிட்டுத்தான் குளிக்கவே போகிறேன். அன்றைக்குச் செய்தி வாசிக்கிறவர் வணக்கம் சொன்னதற்குத் திருப்பி வணக்கம் சொல்லிவிட்டேன். சிரிக்காதே.

துணைக்கு ஆள் இல்லாமல் ஆபரேஷன் கிடையாது என்று நர்ஸ் கறாராகச் சொல்லிவிட்டாள். எனக்கு யார் இருக்கிறார்கள்? யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன். ஆமாம், இடி வீட்டுக்குத்தான். ராத்திரி பகல் பார்க்காமல் நாற்காலியை இழுக்கிறாள் என்று நாம் பெயர் வைத்தோமே, அவளேதான். நான் துவைத்துக் காயப்போட்ட வெள்ளை விரிப்பின் மேல் அவள் வீட்டுத் தரை துடைக்கிற துணியின் தண்ணீர் சொட்டியதிலிருந்து பேச்சுவார்த்தையே இல்லை. வாசலில் நின்றுகொண்டு, முன்பு நடந்ததை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று ஆரம்பித்து நான் ஒரு பிரசங்கமே செய்தேன். அவள் கேட்டுவிட்டு, ஏங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட வரணும், அவ்வளவுதானே, அதுக்கா இவ்வளவு முன்னுரை, வரேன், ஆனா போற வழியெல்லாம் என் நாற்காலியைப் பத்திப் பேசக் கூடாது என்றாள். சம்மதித்துவிட்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது உனக்குத் தெரியும், படி ஏறியதைச் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தையும் அவள்தான் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்பப் போகிறாள். இடி என்று எழுதியிருப்பதைப் படித்தால் படிக்கட்டும், அந்தப் பெயர் அவளுக்கு ரொம்ப நாளாகத் தெரியுமாம்.

ஆகவே எனக்காக நீ அந்த விமானத்தை விடக் கூடாது. அதில் ஏறிப் போகிறவர்களுக்காகவும் எங்கேயோ ஒருத்தி என்னை மாதிரி வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். மேலாளர் கத்தினால் கத்தட்டும். நீ குரலை உயர்த்தாதே, உன் முடிவையும் மாற்றாதே. கண்ணில் போட்ட கட்டை அவிழ்க்கும்போது முதலில் உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாகத்தான் இருந்தது, உன் அறையில் விரிப்புக்கூட மாற்றிவிட்டேன். பரவாயில்லை, இடியின் முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். விரிப்பு அப்படியே இருக்கும். வயர் சரியாகி, நீ சரி என்று சொன்ன பிறகு, அந்த விமானத்திலேயே ஏறி வா.

நீ நோய்நொடியில்லாமல், தலை நிமிர்ந்து, நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, மேஜையிலேயே சாப்பிடாதே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இனிமேல் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது நன்றாக இருக்கிறேன் என்று நான் சொன்னால் அதோடு விட்டுவிடாதே. மறுபடியும் கேள்.

இப்படிக்கு,
உன் பதிலுக்காகப் போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கும்
அம்மா