உங்கள் பையிலிருந்த சீட்டு

அக்கா,

இன்று காலை புதுக் கையுறைப் பெட்டியைப் பிரித்தேன். அந்த ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும் நீங்கள் வந்து நின்றுவிட்டீர்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு உறை மாட்டிக்கொண்டு, "இது தோலுக்குத்தான் புள்ள, மூச்சுக்கு எதை மாட்டறது?" என்பீர்கள்.

மைசூரில் நம் புற்றுநோய் வார்டின் மூலையறையில்தான் கீமோ மருந்தைக் கலப்போம். ஆவியை உறிஞ்சும் பெட்டி எப்போதும் ரிப்பேர். கர்ப்பமான நர்ஸுக்குக் கலக்கும் டியூட்டி கிடையாது என்று விதி இருந்தது. வாயைத் திறந்து சொன்னால்தானே? மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லக்கூடாது என்று என் மாமியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நானும் கமுக்கமாகக் கலந்துகொண்டே இருந்தேன். ஒன்பதாவது வாரம் கலைந்துபோனது. மருந்தாலா என்று டாக்டரைக் கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு யாரோடு சண்டை போடுவது?

அடுத்த முறையும் சொல்லவில்லை. எனக்கு எப்போதுதான் புத்தி வந்தது! கேன்டீன் காபியின் வாசனை பிடிக்காமல் நான் தள்ளிவைத்ததைப் பார்த்துவிட்டு நீங்கள்தான் என் கையிலிருந்த சிரிஞ்சை வாங்கினீர்கள்.

"கொண்டா இங்க. எனக்கு இல்லைன்னு ஆயிருச்சு, இனி கெடறதுக்கு என்ன இருக்குது? போ, போய் பி.பி. பாரு."

பிள்ளையில்லாதவர்தானே என்று எல்லாருமே அந்த வேலையை உங்கள் தலையில் கட்டினோம். நானும்தான். எனக்கு மகள் பிறந்தாள். அவளுக்கு இப்போது பதினோரு வயது.

போன மாதம் மாரடைப்பில் போய்விட்டீர்கள். சீருடைகளைத் திருப்பிக் கொடுக்க நஞ்சன்கூட்டிலிருந்து ரயிலேறி வந்த உங்கள் வீட்டுக்காரர், உங்கள் டியூட்டிப் பையை என்னிடம் கொடுத்தார். உள்ளே குழந்தைப்பேறு சிகிச்சைக்கான பழைய மருத்துவமனைச் சீட்டு ஒன்று. தேதிகளைப் பார்த்தேன். எனக்காக நீங்கள் மருந்து கலந்த அதே மாதங்கள்.

"இதென்ன மாமா?" என்றேன்.

"அவ ஆசைய விடல கண்ணு. அப்ப ஒரு தடவ நின்னுச்சு. மூணு மாசம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னா. தங்கல."

பாவி அக்கா! என்னிடம்கூடவா? ஆனால் நான் ஒரு வார்த்தை கேட்டேனா?

இப்படி ஒவ்வொருத்தியும் மறைத்து மறைத்தே எனக்கு அலுத்துவிட்டது. இப்போது நான்தான் வார்டு இன்சார்ஜ். இன்று ஒரு புது நர்ஸ் காபியைத் தள்ளிவைத்தாள். அவளிடம் எதுவும் கேட்கவில்லை. மூலையறையைப் பூட்டிவிட்டேன். உறிஞ்சும் பெட்டி சரியாகும்வரை, நல்ல பெட்டி இருக்கும் மெயின் பிளாக் மருந்தகத்தில் கலந்து வரட்டும், என் பெண்கள் யாரும் கலக்கமாட்டார்கள் என்று எழுதிக் கொடுத்தேன். சூப்பரின்டென்டென்ட் கத்துகிறார். கத்தட்டும். சாவி என் பையில்தான் இருக்கிறது, உங்கள் சீட்டோடு.