பூட்டு மாற்றியாச்சு

ஜனவரி 20, திங்கள்

விடிவதற்கு முன்பே தூறல். துணி எதுவும் காயவில்லை. வீடு முழுக்க ஈர நாற்றம்.

மாவு அரைக்க டவுனுக்கு. கார் ஒழுங்கையை விட்டு அலுவிகாரை பெரிய ரோட்டில் ஏறத் திரும்பும்போது மறுபடியும் அந்தச் சத்தம். முன்சக்கரப் பக்கம். டக் டக் டக். நேராகப் போனால் இல்லை. ஸ்டீரிங்கை முழுசாக வளைத்தால் மட்டும், யாரோ அடியில் உட்கார்ந்து பாக்கு வெட்டுகிற மாதிரி. இவரிடம் சொன்னேன். கல் சிக்கியிருக்கும் என்றார். தைப்பொங்கலுக்கு முன்னால் சிக்கிய கல் இன்னுமா விழவில்லை? கேட்டதற்கு ரேடியோவைச் சத்தமாக வைத்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்குக் கிடைக்கிற பதில் இதுதான்.

வியாழக்கிழமை தாரணியைக் கூட்டி வர வேண்டும். எட்டாம் மாதம். தலைப்பிரசவம் நம் வீட்டில்தான். மகள் வீடு இரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற ரோட்டில். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. வழியெல்லாம் வளைவு. வளைத்தால்தானே அந்தச் சத்தம் வருகிறது. நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

வாங்க: தே. எண்ணெய், பெருங்காயம், ஃப்ளாஸ்க் மூடி. பழைய வேட்டி கிழித்து வைக்க.

ஜனவரி 21, செவ்வாய்

மழை விட்டு விட்டு. பூனை மாவுச் சட்டியைக் கவிழ்த்துவிட்டது. சனியன்.

கார் கழுவியது நான்தான். இவருக்கு இடுப்புப் பிடிப்பு. வலது முன்சக்கரத்தின் உள்பக்கம் முழுக்கக் கறுப்பாகத் தெறித்திருக்கிறது. ரோட்டுத் தார் என்றார், வாசலில் நின்றுகொண்டே. தாருக்கும் கிரீஸுக்கும் வித்தியாசம் தெரியாதவளா நான்? மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். குனிந்து பார்த்தால் சக்கரத்துக்குப் பின்னால் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை, வாய் பிளந்து கிடக்கிறது. உள்ளே விரல் விட்டேன். மணல்.

கூப்பிட்டேன். குனிய முடியாதாம். ஆனாலும் மணல் ஒட்டிய விரலைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் மாறியது. நாளைக்குப் பலாபத்வல பாஸிடம் காட்டுகிறேன் என்றார். அப்பாடா.

பாஸ், பலாபத்வலையில் கராஜ் வைத்திருக்கிற சிங்கள மனுஷன். நம் காரை வேறு யாரும் தொட்டதில்லை. எங்களைக் கண்டால் தமிழில்தான் பேசுவார், இருக்கிற நாலு சொல்லை வைத்துக்கொண்டு. நாம் சிங்களத்தில் பதில் சொன்னால் முகம் வாடிவிடும். அதனால் இவரும் அங்கே போனால் தமிழ்தான்.

பால் வாங்கப் போன இடத்தில் ஒருத்தி இன்னொருத்தியிடம்: "மேல மூட்டம் எறங்கிருச்சாம். பட்டப்பகல்ல லைட்டு போட்டு ஓட்டுறாங்களாம்." எனக்கென்று வந்து காதில் விழுகிறது பாரேன்.

ஜனவரி 22, புதன்

காலையில் கொஞ்சம் வெயில். போர்வை எல்லாம் காயப் போட்டேன். பத்து மணிக்கு மறுபடி மழை, எல்லாம் வீண்.

இவர் பாஸிடம் போய்விட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார். சக்கரமும் இல்லை, ஒன்றும் இல்லையாம். பாஸ் அடியில் படுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னது, இவர் பேசிக் காட்டினபடியே எழுதுகிறேன்:

"முன்னுக்குப் பூட்டு முடிஞ்சி. ரப்பரும் கிழிஞ்சி. ரெண்டும் மாத்து. திரும்பறப்ப ஒருநாள் கழண்டு போகும். மாத்தாம மலைக்குப் போக வேணாம்."

சாமான் வாங்கி வந்தால் மாட்டித் தருகிறேன் என்றாராம்.

டிரைவர் பக்கக் கதவுப் பூட்டு தீபாவளியிலிருந்தே தகராறுதான், அது உண்மை. கதவு ரப்பரும் பிய்ந்து தொங்குகிறது, அதுவும் உண்மை. "கதவு ஆடுற சத்தத்த நீ சக்கரம்னு நெனச்சிட்ட" என்று ஒரு சிரிப்பு வேறு. மத்தியானமே டவுனில் பூட்டும் ரப்பரும் வாங்கி வந்து இவரே மாட்டிவிட்டார். கதவுப் பூட்டுக்குப் போய் பாஸ் எதற்கு என்று. நன்றாகத்தான் மாட்டியிருக்கிறார். கண் பட்டுவிடும், அவ்வளவு அழகாகச் சாத்துகிறது.

ஆனால் காரை வாசலில் வளைத்து நிறுத்தும்போது டக் டக் டக்.

புதுப் பூட்டு, செட் ஆக நாள் எடுக்கும் என்கிறார். சக்கரத்து ரப்பர் என்ன ஆச்சு? அதை பாஸ் பார்த்திருப்பார், தப்பென்றால் சொல்லியிருக்க மாட்டாரா என்கிறார். கதவுப் பூட்டுக்கும் மலைக்கும் என்ன சம்பந்தம்? வளைவில் கதவு திறந்துகொள்ளுமாம், ஆள் வெளியே விழுமாம். பாஸுக்குப் போனில் ஒரு கால் எடுக்கலாம் என்றேன். அந்த மனுஷனைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகும், பேசாமல் இரு என்றார். பேசாமல் இருக்கிறேன்.

ஜனவரி 23, வியாழன்

தாரணி வீட்டு வாசலில் இருந்து எழுதுகிறேன். நல்ல மூட்டம். எதிர் வீட்டுக் கூரை தெரியவில்லை.

வந்து சேர்ந்துவிட்டோம், அம்மன் புண்ணியம். இரத்தோட்டை தாண்டியதும் சத்தம் நேர் ரோட்டிலேயே வர ஆரம்பித்தது. ஏற்றத்தில் காலடித் தகரம் அதிர்ந்தது. இவரே ரேடியோவை அணைத்தார். அப்போதுதான் எனக்கு நிஜமாகப் பயம் வந்தது. வளைவுக்கு வளைவு ஒரு கையால் ஸ்டீரிங், ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு வந்தார். கதவு கல் மாதிரி அசையாமல் இருந்தது.

தாரணி படியில் நின்றாள். முகம் வீங்கியிருக்கிறது, கால் அதைவிட. முதல் வார்த்தையே, "கீழ வளைவு ஒவ்வொண்ணுலயும் கேட்டுச்சிம்மா, டக்கு டக்குன்னு. என்னம்மா அது?"

இவர் தேத்தண்ணீர் குடிக்கும்போது நான் கொல்லைப் பக்கம் போய் பாஸுக்குக் கால் எடுத்தேன். சிங்களத்திலேயே பேசினேன், வாடினால் வாடட்டும். அவர் சொன்ன 'பூட்டு' என்ற சொல்லையே வைத்து, பூட்டு மாற்றியாச்சு, சத்தம் மட்டும் போகவில்லை என்றேன். யார் மாற்றினது என்றார். வீட்டுக்காரர்தான் என்றேன். வீட்டில் வைத்தா, எப்படி, சக்கரத்தைக் கழற்றினாரா என்றார். கதவுப் பூட்டுக்குச் சக்கரத்தை எதற்குக் கழற்ற வேண்டும் என்றேன்.

பிறகு மெதுவாக: "பூட்டுவ, நோனா. ரோதே பூட்டுவ."

சிங்களத்தில் ரோதே என்றால் சக்கரத்து, பூட்டுவ என்றால் மூட்டு, இணைப்பு. கதவில் போடுகிற பூட்டு 'அகுல'. எனக்கும் தெரியும், இவருக்கும் தெரியும், நாள் முழுக்கச் சிங்களம் பேசுகிறவர்கள்தானே நாங்கள். பாவம் அந்த மனுஷன், நமக்காகத் தமிழில் சொல்லப்போய் அவருடைய பூட்டுவ நம்முடைய பூட்டாகிவிட்டது. சிங்களத்திலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா.

பாஸ் சொன்னது: எஞ்சினிலிருந்து சக்கரத்தைச் சுழற்றுகிற தண்டு, சக்கரத்தோடு சேருகிற இடத்து மூட்டு அது. ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் எல்லாம் வெளியே போய், மணல் உள்ளே போய், குண்டுகள் தேய்ந்துவிட்டன. ரப்பர் கிழிந்த அன்றே மாற்றியிருந்தால் மூட்டு பிழைத்திருக்கும். இனி எந்த வளைவிலும் கழன்றுவிடலாம். சிக்கிக்கொண்டால் ஸ்டீரிங்கும் திரும்பாது. அங்கேயே நிறுத்துங்கள், நாளைக்கு நானே சாமானோடு வருகிறேன் என்றார்.

இவரிடம் சொன்னேன். தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைக்க இடம் தேடினார்.

தாரணிக்கும் எனக்கும் த்ரீவீல் சொல்லியாச்சு. இரத்தோட்டையிலிருந்து வர வேண்டும். மூவரும் அதிலேயே போகலாம் என்றேன். மாட்டேன் என்கிறார். வெறும் வண்டிதானே, மெல்ல இறக்கிவிடுகிறாராம், பலாபத்வலையில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறாராம். கையைப் பிடித்தேன். தாரணி அழுதாள். "நாளைக்கு அந்த ஆளு இங்க வந்து நின்னா நான் என்ன சொல்றது? கதவுக்கு ரப்பர் போட்டேன்னா?" என்றார். வெட்கம். வேறொன்றும் இல்லை, வெட்கம்தான். அதற்காக உயிரையா கொண்டுபோவார்கள்? சொன்னேன், வாய்விட்டே சொன்னேன். கதவைச் சாத்தினார். புதுப் பூட்டு, ஒரே தள்ளில் விழுந்தது.

இப்போதுதான் போனார். சும்மா நிற்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். மூட்டத்தில் கார் தெரியவில்லை. காதுதான்.

முதல் வளைவு. டக் டக் டக். கேட்டது.

மிளகுத் தோட்டத்து வளைவு. கேட்டது. கொஞ்சம் பலமாக.

எப்போது நிற்கும் நிற்கும் என்றிருந்த சத்தம். கோயில் வளைவிலும் கேட்டது, முருகா.

அடுத்தது பாலத்து வளைவு. ரொம்ப தூரமில்லை, இந்நேரம் கேட்க வேண்டும். தாரணி என் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நகம் பதிகிறது. த்ரீவீல் ஹோர்ன் எங்கேயோ. நம் கார் இல்லை அது. மெதுவாகப் போகிறார், அதுதான். வழி விட ஓரம் கட்டியிருப்பார்.

"எழுதாதீங்கம்மா," என்கிறாள். "கேளுங்க."